இரு கைத்தடிகள்

துவா பள்ளத்தாக்கில் மூஸா நபி (அலை) அவர்களை நோக்கி, வலக்கரத்தில் இருப்பது யாது என்று இறைவன் வினவுகின்றான். யாவும் அறிந்தவன் வினவிய அவ்வினாவுக்குக் ‘கைத்தடி’ என்ற ஒரு சொல்லே போதிய விடையாகும். மூஸா நபியோ அத்துடன் நிறுத்தவில்லை. அதன்மீது தாம் சாய்ந்து கொள்வதையும், ஆடுகளுக்கு அதனால் தழை உதிர்ப்பதையும், இன்னும் வேறு பயன்கள் தமக்கு உண்டு என்பதையும் சேர்த்தே சொல்கிறார்கள். தாஹா அத்தியாயத்தில் வரும் இவ்வுரையாடலுக்கு விளக்கம் எழுதிய பெரியார்கள், இறைவனோடு உரையாடும் இன்பத்தை நீட்டித்துக் கொள்ளும் ஆவலே விடை நீண்டதற்குக் காரணம் என்பர். அது சரியே. ஆயினும் ஐம்பத்தைந்து வயதைக் கடந்துவிட்ட எனக்கு, அவ்விடையின் வரிசையும் கண்ணில் படுகிறது. ஆடும் தழையும் பின்னர். சாய்ந்து கொள்வது முதலில். ஒரு கோலின்மீது சாய்கிறேன் என்று சொல்வதில் அல்லாஹ்வின் தூதருக்கு வெட்கம் ஏதும் இருக்கவில்லை.

திருமறையில் மற்றொரு கைத்தடியும் உண்டு. அது ஸபா அத்தியாயத்தில் வருவது. ஸுலைமான் நபி (அலை) அவர்கள் தம் தடியை ஊன்றிய நிலையிலேயே உயிர் நீத்தார்கள். அவர்களுடைய பணியில் ஈடுபட்டிருந்த ஜின்கள் நிமிர்ந்து நின்ற அத்திருவுருவைப் பார்த்துக்கொண்டே தம் வேலையைத் தொடர்ந்தன. பூச்சி அத்தடியை அரித்துத் தின்று, உடல் சரிந்த பின்னரே மறைவு வெளிப்பட்டது. ஜின்கள் மறைவானவற்றை அறியா என்பதை உலகுக்கு உணர்த்தவே அது நிகழ்ந்தது. எனினும், அருகில் சென்று முகத்தைப் பாராமல், தடி நிற்கிறது, ஆகவே ஆளும் இருக்கிறார் என்று எண்ணிக்கொண்டோரின் நிலையும் அங்கே தெரிகிறதன்றோ?

ஒரு தடி, உயிரோடிருப்பவரை நடக்கச் செய்தது. மற்றொன்று, அருகே வரவேண்டியவர்கள் வாராமலிருக்கக் காரணமாயிற்று. சென்ற ஓராண்டாக இவ்விரண்டும் என் சிந்தையை விட்டு அகலவில்லை. என் உம்மாவை முன்னிட்டு எழுந்த சிந்தனை இது.

உம்மாவுக்கு எண்பத்து மூன்று வயது. வாப்பா மறைந்தது முதல் எங்கள் கடற்கரை ஊரில், பழைய வீட்டில், தனியே இருக்கிறார். அவருக்கு நாங்கள் ஆண்மக்கள் இருவரே. நான் மூன்று மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவில் ஓர் அரபு மதரஸாவில் ஓதிக் கொடுக்கிறேன். இளவல் துபையில் பணி செய்கிறார். சென்ற ஆண்டு ஒரு நாள், ஸுபுஹுத் தொழுகைக்காக உளூச் செய்யப் போனவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, எழ இயலாமல், பால் ஊற்றும் பெண் வந்து குரல் கொடுக்கும் வரை ஒன்றரை மணி நேரம் ஈரத் தரையில் கிடந்தார். எலும்பு முறியவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ‘என்னோடு வந்துவிடுங்கள்’ என்று நான் எவ்வளவோ மன்றாடியும் அவர் இசையவில்லை. ‘ஒன் வாப்பா ஜனாஸா வெளியேறின வாசல் தம்பி இது. என் ஜனாஸாவும் இதாலதான் போகணும்’ என்று சொல்லிவிட்டார்.

விழுதல் சிறிய செய்தியன்று. உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து இறக்கின்றனர் என்றும், அவர்களுள் அறுபது வயதைக் கடந்தவர்களே மிகுதி என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஆகவே இளவலும் நானும் கூடி ஆலோசித்தோம். துபையிலிருந்து பெட்டி பெட்டியாகக் கருவிகள் வரத் தொடங்கின.

அக்கருவிகளைக் குறை சொல்ல நான் எழுதுகோலை எடுக்கவில்லை. கைத்தடியின் வழித்தோன்றல்களே அவை யாவும். விழுந்தவர் அழுத்தினால் அழைப்பு மணி தொலைவில் ஒலிக்கும் கழுத்துப் பொத்தான் 1970களிலேயே ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் தோன்றிவிட்டது. 2018இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட கைக்கடிகாரமோ, அணிந்திருப்பவர் பலமாக விழுந்ததைத் தானே உணர்ந்து, அவர் ஒரு நிமிட நேரம் அசைவற்றுக் கிடந்தால் உதவிக்குத் தானே அழைப்பு விடுக்கிறது. காதில் வைக்கும் கருவி, சந்தடியில் ஒரு விதமாகவும் அமைதியான அறையில் வேறு விதமாகவும் தன்னைத் தானே திருத்திக் கொள்கிறது. கைப்பேசி எழுத்தைப் படித்துக் காட்டுகிறது. பேசினால் எழுதிக் கொள்கிறது. முதியவர் கருவிக்கு இணங்க வேண்டும் என்ற நிலை மாறி, கருவி முதியவருக்கு இணங்கும் காலம் வந்திருக்கிறது. மூக்குக்கண்ணாடி பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியில் தோன்றியது. அதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒளியின் இயல்பைப் பற்றிப் பெருநூல் எழுதியவர் நம் இப்னுல் ஹைஸம். இன்று கண்ணாடி அணிந்து குர்ஆன் ஓதும் பாட்டியாரைப் பார்த்து, ‘பிள்ளைகள் ஓதிக் காட்டாமல் கண்ணாடியிடம் விட்டுவிட்டார்களே’ என்று யாரும் சொல்வதில்லை.

இவ்விடத்தில் அல்ஜஸரீ அவர்களை நினைவுகூரத்தான் வேண்டும். தியார்பக்கிர் நகரில் அர்துகிய அரசரிடம் பணிபுரிந்த இப்பொறிஞர், 1206இல் தம் அதிசயப் பொறிகளைப் பற்றிய நூலை முடித்தார். அதில் அவர் ஒரு செய்தி சொல்கிறார். அரசர் நாஸிருத்தீன் மஹ்மூதுக்கு, பணியாளோ பணிப்பெண்ணோ தம் கையில் நீர் ஊற்ற உளூச் செய்வது பிடிக்கவில்லையாம். ஆகவே தானே நீர் வார்க்கும் ஒரு பொறியைச் செய்து தருமாறு பணித்தாராம். அல்ஜஸரீயும் செய்து கொடுத்தார். அவருடைய பொறி ஒன்றில் மயிலின் அலகிலிருந்து நீர் சொரியும். நீர் நிரம்ப நிரம்ப உள்ளிருக்கும் மிதவை உயர்ந்து, ஒரு பொம்மை வெளியே வந்து கை கழுவும் பொடியை நீட்டும். பின்னொரு பொம்மை துண்டை நீட்டும். ஆயிரம் பணியாளரை உடைய அரசருக்கே, உளூவின் நேரத்தில் இன்னொருவர் கையை எதிர்பார்ப்பது பாரமாயிருந்தது. குளியலறைச் சுவரில் பிடிகம்பி வேண்டும் என்று எண்பது வயதுப் பெண்மணி கேட்பதில் வியப்பென்ன?

ஸஹீஹ் முஸ்லிமில் அவ்ஃபு இப்னு மாலிக் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு செய்தியும் உண்டு. தோழர்களுள் ஒரு சிறு கூட்டத்தாரிடம், மக்களிடம் எதையும் கேட்பதில்லை என்ற உறுதிமொழியையும் நாயகம் (ஸல்) அவர்கள் வாங்கினார்கள். அவர்களுள் சிலர் வாகனத்தின் மேலிருக்கும்போது சாட்டை கீழே விழுந்தால், எடுத்துத் தா என்று பிறரிடம் கேட்பதில்லையாம். தரையில் விழுந்ததைக் குனியாமல் எடுப்பதற்கென்று, முனையில் இடுக்கி பொருத்திய நீண்ட கோல் ஒன்று இன்று விற்கிறது. இளவல் அனுப்பியவற்றுள் மலிவானது அதுவே. உம்மாவுக்கு மிகப் பிடித்ததும் அதுவே. தஸ்பீஹ் மணி கீழே விழுந்தால் அக்கோலால் எடுத்துக் கொள்கிறார். அவர் முகத்தில் தோன்றும் அந்த நிறைவைப் பார்த்த பிறகே அந்த ஹதீஸின் சுவை எனக்கு விளங்கிற்று எனலாம்.

தனியே வாழ்வது வேறு, தன் கையால் வாழ்வது வேறு. கருவி தரக்கூடியது பின்னது. முன்னதை நாம் அதன் பெயரால் முதியவர் தலையில் கட்டிவிடுகிறோமோ என்பதே என் ஐயம்.

இனி என் குற்றத்தைச் சொல்ல வேண்டும். வந்த கருவிகளுள் ஒரு படக்கருவியும் இருந்தது. இரவிலும் தெரியும்; துபையிலும் தெரியும், என் கைப்பேசியிலும் தெரியும். உம்மா படுக்கும் அறையில் அதை மாட்டியவன் நானே. எட்டு நாட்கள் நிம்மதியாக இருந்தேன். வகுப்பின் இடைவேளையில் கைப்பேசியைத் திறப்பேன், உம்மா கட்டிலில் அமர்ந்திருப்பார், மூடிவிடுவேன். ஒன்பதாம் நாள்தான் உறைத்தது, அந்தச் சித்திரை வெயிலிலும் உம்மா தலையில் துப்பட்டியை இழுத்துப் போர்த்தியே இருக்கிறார் என்று. உறங்கும்போதும் அப்படியே. நேரில் போய்க் கேட்டேன். ‘அதுல நீங்க ரெண்டு பேரு மட்டுந்தான் பாக்கிறியளா, இல்லே வேறே ஆம்பளையளும் பாப்பாகளா?’ என்று அவர் திருப்பிக் கேட்டார். என்னிடம் விடை இல்லை. அப்படம் கடல் கடந்த ஏதோ ஒரு நிறுவனத்தின் கிடங்கில் சேர்கிறது என்பது மட்டும் தெரியும். அங்கே யார் கண் படும், படாது என்று நான் எவ்வாறு உறுதி கூறுவேன்?

அந்நூர் அத்தியாயத்தில், வைகறைக்கு முன்பும், நண்பகலில் ஆடை களையும் நேரத்திலும், இஷாவுக்குப் பின்பும், வீட்டுப் பணியாளரும் பருவமடையாச் சிறுவருமே அனுமதி பெற்று அறைக்குள் நுழைய வேண்டும் என்று அல்லாஹ் விதித்திருக்கிறான். முவத்தாவில் இமாம் மாலிக் (ரஹ்) பதிவு செய்திருப்பது இன்னும் நேரடியானது. தாயின் அறைக்குள் நுழையவும் அனுமதி கேட்க வேண்டுமா என்று ஒருவர் வினவுகிறார். ஆம் என்கிறார்கள் அண்ணலார். நான் அவரோடு ஒரே வீட்டில் வாழ்பவன், அவருக்குப் பணிவிடை செய்பவன் என்றெல்லாம் அவர் சொல்லிப் பார்க்கிறார். அவரை ஆடையற்ற நிலையில் காண விரும்புவாயா என்ற கேள்வி அவர் வாயை அடைத்துவிடுகிறது. இந்த ஹதீஸை இருபது ஆண்டுகளுக்கு மேலாக மாணவர்களுக்கு ஓதிக் கொடுத்தவன் நான். மூன்று நேரமன்று, இருபத்து நான்கு மணி நேரமும் அனுமதியின்றி உம்மாவின் அறைக்குள் நின்றுகொண்டிருந்திருக்கிறேன். அன்றே கழற்றினேன்.

ஜப்பானியர் இதற்கு வேறு வழி கண்டிருக்கிறார்கள். 1996இல் டோக்கியோவின் இகெபுகுரோ பகுதியில், ஒரு முதிய தாயும் நோயுற்ற மகனும் உண்ண வழியின்றி வீட்டுக்குள்ளேயே இறந்து, வெகு நாட்கள் கழித்தே கண்டெடுக்கப்பட்டனர். நாடே அதிர்ந்தது. அதன் பின் 2001இல் ஸோஜிருஷி நிறுவனம் ஒரு வெந்நீர்க் கெண்டியை நடைமுறைக்குக் கொண்டு வந்தது. தேநீருக்காக முதியவர் அதைப் பயன்படுத்தும் போதெல்லாம் அச்செய்தி தொலைவில் உள்ள மகனுக்கோ மகளுக்கோ போய்ச் சேரும். அது எதையும் பார்ப்பதில்லை, கேட்பதில்லை. இன்று உம்மா தேநீர் குடித்தார் என்று மட்டும் சொல்லும். கண்ணியம் அறிந்த கருவி என்று அதைச் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அங்கேயும் ஸுலைமான் நபியின் தடி என் நினைவுக்கு வராமலில்லை. செய்தி வந்தது, ஆகவே நலமே என்று ஒரு மகன் இருந்துவிடலாம். தேநீர் குடித்தவர் அழுதுகொண்டே குடித்தாரா என்பதைக் கெண்டி அறியாது.

ஃபிக்ஹு நூல்களில் ‘நியாபத்’ என்றொரு பகுதி உண்டு. ஒருவர் கடமையை மற்றொருவர் அவருக்குப் பதிலாக நிறைவேற்றலாமா என்பது அதன் பொருள். தொழுகையில் அது கூடாது. உயிரோடிருப்பவருக்காக வேறொருவர் தொழ முடியாது. ஹஜ்ஜில் கூடும். தம் தந்தை முதுமையினால் வாகனத்தில் நிலையாக அமர இயலாதவர் என்று கஸ்அம் குலத்துப் பெண்மணி முறையிட்டபோது, அவருக்காக அவர் மகளே ஹஜ்ஜுச் செய்ய நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். ஜகாத்தைப் பிறர் மூலம் கொடுத்தனுப்பலாம். சரி, பெற்றோருக்கு உபகாரம் செய்தல் இவற்றுள் எவ்வகை? தொழுகையைப் போன்றதா, ஹஜ்ஜைப் போன்றதா? மகன் தன் கடமைக்கு ஒரு கருவியை வக்கீலாக நியமிக்கலாமா?

இக்கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற என்னால் இயலவில்லை. மருந்தை நினைவூட்டுவது, விழுந்தால் அழைப்பது, விளக்கேற்றுவது ஆகியவை கித்மத், அதாவது பணிவிடை. அதில் பதிலாள் வைத்துக் கொள்ளலாம். நம் முன்னோர் ஆளமர்த்தியே செய்தார்கள். ஆனால் லுக்மான் அத்தியாயத்தில், இணைவைக்கும்படி வற்புறுத்தும் பெற்றோரிடத்திலும் இவ்வுலக வாழ்வில் நல்ல முறையில் நடந்துகொள்ள வேண்டும் என்று பணிக்கும் இடத்தில், இறைவன் ஆளும் சொல் ‘ஸுஹ்பத்’ என்னும் வேரிலிருந்து வந்தது. ஸஹாபி என்ற சொல்லுக்கும் அதுவே வேர். உடனிருத்தல் என்று பொருள். நாயகத்தின் சபையில் தமக்குப் பதிலாக வேறொருவரை அமர்த்திவிட்டு யாரும் ஸஹாபி ஆகிவிட முடியாது. அவ்வாறே, முதுமை எய்திய பெற்றோரிடம் ‘உஃப்’ என்றும் சொல்லாதே என்று தடுக்கும் பனீ இஸ்ராயீல் அத்தியாயத்து வசனத்தில், ‘உன்னிடத்தில்’ அவர்கள் முதுமை எய்தினால் என்றே வருகிறது. அந்த ‘உன்னிடத்தில்’ என்பதைச் சிலர், பெற்றோரை வேரோடு பிடுங்கிச் சென்னை அடுக்குமாடியின் நான்காம் தளத்தில் நட்டுவிடுவதற்கு ஆதாரமாகக் கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உம்மாவின் வீட்டிலேயே உம்மா ‘என்னிடத்தில்’ இருக்கலாம்; என் வீட்டின் பின்னறையில் இருந்துகொண்டே ‘என்னிடத்தில்’ இல்லாமலும் போகலாம்.

‘உஃப்’ பற்றி இன்னும் ஒரு சொல். அது எப்பொழுது பிறக்கிறது? சொன்னதையே பத்தாம் முறை சொல்ல நேரும்போது பிறக்கிறது. ‘பாங்கு சொல்லியாச்சா, பாங்கு சொல்லியாச்சா’ என்று கேட்கும்போது பிறக்கிறது. காதில் கருவி இருந்தால் பத்து முறை இரண்டு முறையாகும். அவ்வகையில் கருவி தாய்க்கு மட்டுமன்று, பாவத்தினின்று மகனுக்கும் காவலாகிறது. ஆனால் கருவி தானே ‘உஃப்’ சொல்லாதிருப்பதைக் கண்டு மயங்கக் கூடாது. நூறு முறை கேட்டாலும் சலியாமல் மணி சொல்கிறதே என்று இளவல் வியந்தார். சலிக்கத் தெரியாததற்குச் சலிக்காமை ஒரு சிறப்பா? களைப்படையக் கூடியவன் களைப்பை விழுங்குவதற்குத்தான் ஸப்ரு என்று பெயர். குகையில் அடைபட்ட மூவருள் ஒருவர், பெற்றோர் உறங்கிவிட்டனர் என்று, பசித்தழும் தம் குழந்தைகளையும் பொருட்படுத்தாது, பால் கிண்ணத்தை ஏந்தியபடி விடியும் வரை நின்றார். இன்று குளிர்ப்பெட்டி ஒன்று அந்தப் பாலை அதைவிட நன்றாகக் காத்து வைக்கும். பாறை விலகியது பால் கெடாமல் இருந்ததற்காக அன்று.

கருவி இணங்குகிறது என்றேனே, எதுவரை இணங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வேளை தவறாமல் ஒலிக்கும் மருந்துப் பெட்டி ஒன்று வந்தது. காலை எட்டு, பகல் இரண்டு, இரவு எட்டு. உம்மாவின் நாளோ வக்துகளால் ஆனது. ஸுபுஹுக்குப் பின் ஒன்று, லுஹருக்குப் பின் ஒன்று, இஷாவுக்குப் பின் ஒன்று என்று முப்பது ஆண்டுகளாக மருந்துண்பவர் அவர். இஷாவின் நடுவே பெட்டி அலறிற்று. ரமளான் வந்ததும் முற்றிலும் குழம்பிப் போயிற்று. மருத்துவரைக் கேட்டு, ஸஹருக்கும் இஃப்தாருக்கும் வேளை மாற்றியமைக்க ஒரு மாலைப் பொழுது ஆயிற்று. பெட்டி தானாக இணங்கவில்லை. அருகில் அமர்ந்து ஒருவர் இணக்க வேண்டியிருந்தது. கைப்பேசியின் தமிழும் அப்படியே. செய்தி வாசிக்கும் குரலில் அது பேசியதும், ‘யாரும்மா நீ, எந்த ஊரு?’ என்று உம்மா விசாரித்தார்.

இவற்றைப் பெறும் வசதி எத்தனை பேருக்கு இருக்கிறது என்பதையும் மறந்துவிடலாகாது. துணைக்கருவி தேவைப்படுவோருள் செல்வ நாடுகள் சிலவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அது கிடைக்கிறது. ஏழை நாடுகள் சிலவற்றில் மூன்று பேருக்கே கிடைக்கிறது என்று உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 2022இல் அறிவித்தன. நம் நாட்டில் 2017இல் தொடங்கிய ராஷ்ட்ரீய வயோஸ்ரீ திட்டம், வறிய முதியோருக்குக் கைத்தடி, நடைச்சட்டம், செவிக்கருவி, கண்ணாடி, பல்செட்டு, சக்கர நாற்காலி ஆகியவற்றை இலவசமாக வழங்க ஏற்பட்டது. இதை அறிந்த ஜமாஅத்துகள் எத்தனை? மினாராவை உயர்த்துவதில் நாம் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை ஹவுளின் ஓரத்தில் காட்டினால், குந்தி அமர இயலாத முதியவர் உட்கார்ந்து உளூச் செய்ய நான்கு கல்லிருக்கையாவது இருக்கும். பள்ளிவாசல் படிக்கட்டின் ஓரம் ஒரு கைப்பிடிக் கம்பிக்கு என்ன செலவாகிவிடும்?

உம்மாவின் வீட்டில் இப்போது இருப்பவை சிலவே. குளியலறையில் இரு பிடிகம்பிகள், வழுக்காத விரிப்பு, அமர்ந்து உளூச் செய்ய முக்காலி, முழங்கால் உயரத்தில் குழாய். கட்டிலிலிருந்து கால் கீழே படும்போதே தானாக எரியும் சிறு விளக்கு. தஹஜ்ஜுதுக்கு எழுபவருக்கு அது பேருதவி. கையில் கடிகாரம். பின்கட்டுக் கதவில், அது திறந்ததை மட்டும் எனக்கு அறிவிக்கும் சிறு வில்லை. ‘கதவு தொறந்தா மட்டுந்தானே தெரியும்? என்னெப் பாக்காதுல்ல? பேசுறது கேக்காதுல்ல?’ என்று மூன்று கேள்வி கேட்ட பின்னரே அதற்கு ஒப்புதல் தந்தார். ஸுபுஹுக்கு முன் அக்கதவு திறந்த செய்தி வந்ததும் நான் தொழப் போகிறேன்.

வாரம் தவறாமல் வியாழன் மாலையில் ஊருக்குப் போய்விடுகிறேன். முன்பு மாதம் ஒருமுறை போனவன்தான். சென்ற வாரம் போயிருந்தபோது, பேசிக்கொண்டிருக்கையில் தஸ்பீஹ் அவர் மடியிலிருந்து நழுவிக் கட்டிலுக்கடியில் விழுந்தது. நான் சட்டெனக் குனிந்தேன். ‘விடு தம்பி, நான் எடுத்துக்கிறேன். நீ உக்காரு’ என்றார். இடுக்கிக் கோலை எடுத்து நீட்டினார். முதல் முறை நழுவியது; இரண்டாம் முறையும் நழுவியது. நான் கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தேன். மூன்றாம் முறை மணிமாலை மேலே வந்தது. அதை முந்தானையில் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார். வாப்பா முதன்முதலாகக் கொழும்புக்குக் கப்பலேறிய கதை. முன்பு பலமுறை கேட்டதுதான். ஆனால் அன்று, துறைமுகத்தில் வாப்பா திரும்பிப் பார்க்காமலே போய்விட்டார் என்று ஒரு செய்தி சேர்ந்து வந்தது. அதை அவர் இதுவரை சொன்னதில்லை.